சாவி சின்னத்தாயி அக்காவிடம்

சஹாரா கேம்ப், அல்ஜீரியா
2 செப்டம்பர் 2024

அன்பு மகாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. எனக்கு உடம்பு பரவாயில்லை, முட்டி மட்டும் மாடிப்படி ஏறும்போது முனகுகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கோயம்புத்தூரில் நரேஷ் படிக்கிறானா, இல்லை ஹாஸ்டலில் சினிமா பார்த்துக்கொண்டிருக்கிறானா?

வந்து சேர்ந்ததைப் போனில் சொன்னேன். மற்றதைச் சொல்ல முடியவில்லை. எவனோ ஒரு புண்ணியவான் எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் வீடியோ எடுத்து வெளியே போட்டுவிட்டான். கம்பெனிக்காரன் எல்லாருக்கும் சேர்த்து வைஃபையை வெட்டிவிட்டான். இனி ஹாலில் இருக்கிற ஒரே போன்தான், வாரத்துக்கு ஒருமுறை. பின்னால் பத்துப் பேர் நின்று நம் வீட்டுக் கதையைக் கேட்கிறார்கள். "சாப்பிட்டியா, தூங்கினியா" தவிர என்ன பேசுவது? அதனால்தான் கடிதம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆள் மாற்றுகிற விமானம் வரும். அதில் ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். இதைக் கொண்டுவருகிறவர் பெர்னார்ட், நம் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், இங்கே கிரேன் ஓட்டுகிறார். காபி கொடுத்து அனுப்பு.

அருண்குமாரை இந்தத் தடவையும் விமானப் படிக்கட்டில் பார்த்ததோடு சரி. அவன் ஏறுகிறான், நான் இறங்குகிறேன். இரண்டு மாதம் அவன், இரண்டு மாதம் நான். ஆறு வருஷமாக ஒரே வேலை, ஒரே அறை, ஒரே கட்டில். ஆனாலும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு டீ குடித்ததில்லை. அவன் வீடு இருக்கிற அடுகோடியிலிருந்து நம் மர்பி டவுன் என்ன தூரம்? அவன் ஊரில் இருக்கும்போது நான் இங்கே, நான் ஊரில் இருக்கும்போது அவன் இங்கே. தண்ணீர் பிளான்ட்டுக்கு ஒரு ஆள் எப்போதும் வேண்டும். பிளான்ட் நின்றால் முந்நூறு பேருக்குக் குளிக்க இல்லை, குடிக்க இல்லை.

விடிவதற்கு முன் எழுந்து பம்ப்பைப் போடுகிறேன். போர்வெல் தண்ணீர் கைத்துப் போய் வரும். அது மெஷினுக்குள் போய் நல்ல தண்ணீராக வெளியே வருகிறதைப் பார்ப்பது ஒன்றுதான் இங்கே சந்தோஷம். மத்தியானம் மெஸ்ஸில் துருக்கிக்காரன் ஒரு பக்கம், பிலிப்பைன்ஸ்காரன் ஒரு பக்கம், நடுவில் நான் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறேன்.

மகா, முடிவு பண்ணிவிட்டேன். டிசம்பரில் வருகிற ஷிப்டுதான் கடைசி. அப்புறம் வீட்டோடு இருக்கப்போகிறேன். நீ துள்ளிக் குதிப்பாய் என்று தெரியும். உடனே பதில் எழுது.

உன்,
நாராயணசாமி

*

மர்பி டவுன், பெங்களூர்
14 செப்டம்பர் 2024

என் வீட்டுக்காரருக்கு மகா எழுதிக்கொள்வது,

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உங்கள் முட்டிக்குத்தான் எண்ணெய் தேய்க்க ஆளில்லை. நீங்களாகத் தேய்த்துக்கொள்ளுங்கள், சோம்பல் படாதீர்கள். நரேஷ் படிக்கிறான். நானே விசாரித்துவிட்டேன்.

பெர்னார்ட் அண்ணன் வந்தபோது நான் வெளியே போயிருந்தேன். பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி அக்காதான் வாங்கி வைத்திருந்தார்கள். காபி கொடுக்க முடியவில்லை, அவரிடம் நீங்களே மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, இந்த ஆர்.ஓ. மெஷின் இருக்கிறதே, பெரிய சைஸ், அதில் வருகிற தண்ணீர் கொஞ்சம் நாறினால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? ரிப்பேர்காரன் வந்தால் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லி மொட்டையடிக்கிறான். இன்னொன்று, உங்கள் மெஸ்ஸில் முந்நூறு பேருக்குக் குழம்பு மிஞ்சாமல் எப்படி அளவு பார்க்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

இங்கே இரண்டு நாளாக மழை. ஹலசூர் மார்க்கெட் பக்கம் கால் வைக்க முடியவில்லை. சின்னத்தாயி அக்கா பேத்திக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். உங்களைக் கேட்டார்கள்.

வேலையை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். யோசித்துச் செய்யலாம்.

இப்படிக்கு உங்கள்,
மகா

*

சஹாரா கேம்ப்
16 செப்டம்பர் 2024

அன்பு மகாவுக்கு,

நாளைக் காலை வர வேண்டிய விமானம் புழுதிக்காற்றுக்குப் பயந்து இன்றே வந்துவிட்டது. உன் கடிதம் கிடைத்தது. நான் சௌக்கியம். முட்டிக்கு எண்ணெய் தேய்த்தேன், கட்டிலெல்லாம் எண்ணெய். அருண்குமார் வந்து என்னைத் திட்டுவான்.

தண்ணீர் நாறினால் மெஷினைத் தொடாதே. முதலில் மேலே இருக்கிற டேங்க்கைத் திறந்து பார்க்க வேண்டும், அடியில் சேறு இருக்கும். அதைக் கழுவினாலே பாதி நாற்றம் போய்விடும். அப்புறம் முதல் பில்டர். வெள்ளையாக இருந்தது காபித்தூள் நிறத்துக்கு வந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். ரிப்பேர்காரன் சொல்கிற மற்றதெல்லாம் டுபாக்கூர். ஆமாம், நம் வீட்டில் இருப்பது இரண்டு குடமும் ஒரு பானையும். எந்தப் பெரிய மெஷினுக்கு இந்தக் கேள்வி?

மெஸ்ஸைப் பார்த்துக்கொள்கிற லாயிட்டும் ரிச்சர்ட்ஸ் டவுன்தான். கேட்டேன். "ஆள் கணக்கை நம்பாதேப்பா, நேத்து குப்பைத்தொட்டியில என்ன விழுந்துச்சுன்னு பாரு, அதான் கணக்கு" என்றார். உனக்கு ஏதாவது புரிகிறதா?

நான் வேலையை விட்டு வருவதைப் பற்றி இவ்வளவு எழுதினேன், நீ ஒரே வரியில் முடித்துவிட்டாய். நாற்பத்தொன்பது வயதாகிறது. பக்கத்தில் நீ உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்று சொல்ல, சூடாகச் சாப்பிட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

உன்,
நாராயணசாமி

*

மர்பி டவுன்
28 செப்டம்பர் 2024

என் வீட்டுக்காரருக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருங்கள். டேங்க் விஷயம் நீங்கள் சொன்னபடியே இருந்தது. முழங்கால் சேறு! உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும். லாயிட் அண்ணனுக்கும் நன்றி சொல்லுங்கள், அவர் சொன்னதும் பலித்தது. யாருக்கு என்று கேட்காதீர்கள், தெரிந்தவர்களுக்குத்தான்.

அதுதான் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறீர்களே, நேரில் பேசிக்கொள்ளலாம். இப்போது நிற்க நேரமில்லை.

உங்கள்,
மகா

*

விமான நிலையம், அல்ஜியர்ஸ்
9 டிசம்பர் 2024

அன்பு மகாவுக்கு,

பத்திரமாக வந்துவிட்டேன். கேம்ப்புக்கு நாளைக்குத்தான் விமானம். உட்கார்ந்திருக்கிற நேரத்தில் எழுதுகிறேன். நாளை அங்கே இறங்கியதும், ஊருக்குக் கிளம்புகிற பெர்னார்டிடம் கொடுத்துவிடுவேன். நீ கட்டிக்கொடுத்த புளிச்சாதம் வழியிலேயே காலி.

நேரில் பேசலாம் என்றாய். இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன், பேசினாயா? நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் நீ மிக்ஸியைப் போட்டாய். சட்னி அரைத்து அரைத்தே என்னை ஊருக்கு அனுப்பிவிட்டாய். உன்னை ஒரு குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாய். ஆனால் உன் போன் மட்டும் ஓயவில்லை. எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவாய். யார் என்றால் ஸ்ரீரஞ்சனி. அருண்குமார் பெண்டாட்டியோடு தினமும் பேச உனக்கு என்ன இருக்கிறது? நானும் அவனுமே பேசிக்கொள்வதில்லை!

கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பிப்ரவரி நாலாம் தேதி விமானத்தில் அருண்குமார் வருவான், நான் கிளம்புவேன், திரும்பிப் போகமாட்டேன். அவனோடு மாறிக்கொள்ள வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். சந்தோஷம் என்று ஒரு வார்த்தையாவது எழுது.

உன்,
நாராயணசாமி

*

சஹாரா கேம்ப்
24 டிசம்பர் 2024

மகாவுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனசுதான் இல்லை.

பெர்னார்ட் இன்று திரும்பி வந்தார். என் கடிதத்தை எடுத்துக்கொண்டு மூன்று தடவை நம் வீட்டுக்குப் போனாராம். மூன்று தடவையும் பூட்டு. ஒருநாள் காலை, ஒருநாள் மத்தியானம், ஒருநாள் இருட்டினபிறகு. சின்னத்தாயி அக்கா, "அவ ஞாயித்துக்கிழமை எட்டிப் பாத்துட்டுப் போவா, குடுங்க நான் தரேன்" என்றார்களாம். அந்த மனுஷன் கள்ளம் கபடமில்லாமல் சொல்கிறார். எனக்குக் காது அடைத்துவிட்டது. நம் சொந்த வீட்டை நீ ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்க்கிறாயா?

போன் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் "சாப்பிட்டியா" என்றேன், "சாப்பிட்டேன்" என்றாய். பின்னால் கேட்டுக்கொண்டு நின்றவர்கள் முன்னால் "எங்கேயிருந்து பேசுகிறாய்" என்று கேட்க வாய் வரவில்லை.

எனக்கு என்னென்னவோ தோன்றுகிறது. அதையெல்லாம் எழுதினால் நாளைக்கு நானே வெட்கப்படுவேன். கிறிஸ்துமஸுக்குப் போகிற லாயிட்டிடம் இதைக் கொடுக்கிறேன். எங்கே இருக்கிறாய், மகா? உள்ளதை எழுது. நான் பயந்துபோயிருக்கிறேன்.

நாராயணசாமி

*

அடுகோடி, பெங்களூர்
3 ஜனவரி 2025

என் வீட்டுக்காரருக்கு,

முதலில் இதைப் படியுங்கள்: நான் நன்றாக இருக்கிறேன், தப்பாக ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

நான் வேலை பார்க்கிறேன். அடுகோடியில் ஜெயலட்சுமி மேடம் நடத்துகிற லேடீஸ் பி.ஜி.யில் நான் வார்டன். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்கள், நாற்பது பேர். வார்டன் அங்கேயே தங்க வேண்டும். அதனால்தான் வீட்டில் பூட்டு. மூன்று வருஷமாகப் பார்க்கிறேன்.

நீங்கள் கேட்பீர்கள், அப்படியென்றால் நான் ஊரில் இருந்தபோது எப்படி வீட்டில் இருந்தாய் என்று. அதுதான் விஷயம். அந்த வார்டன் வேலைக்கு ஆள் இரண்டு. நீங்கள் கேம்ப்பில் இருக்கும்போது நான். நீங்கள் வீட்டுக்கு வந்தால் அருண்குமார் கேம்ப்புக்குப் போய்விடுவார் இல்லையா? அப்போது ஸ்ரீரஞ்சனி. இரண்டு மாதம் அவள், இரண்டு மாதம் நான். உங்கள் விமானம் என்றைக்கோ அன்றைக்குத்தான் எங்களுக்கும் ஆள் மாற்றம். மேடத்துக்கு முதலில் இது புரியவே இல்லை. "இதென்னம்மா, கண்ணாமூச்சியா?" என்றார்கள். இப்போது காலண்டரில் அவர்களே குறித்து வைத்துவிடுகிறார்கள். அருண்குமாருக்கும் தெரியாது. நரேஷுக்குத் தெரியும். அவனைத் திட்டாதீர்கள், நான்தான் வாயைக் கட்டினேன்.

ஏன் சொல்லவில்லை என்று உங்களுக்கே தெரியும். முன்பு கார்மென்ட்ஸில் சேர்ந்து பத்து நாள் போனேன். அன்றைக்குப் போனில் என்ன சொன்னீர்கள்? "நான் என்ன செத்தா போயிட்டேன், நீ வேலைக்குப் போக?" என்றீர்கள். மறுநாளே விட்டுவிட்டேன். அப்புறம் என்ன செய்தேன் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? சமைத்தேன், ஒருத்தியாகச் சாப்பிட்டேன், சுவரைப் பார்த்தேன். நீங்களாவது தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாலும் இந்தப் பக்கம் துருக்கிக்காரன், அந்தப் பக்கம் பிலிப்பைன்ஸ்காரன். எனக்கு யார் இருந்தார்கள்?

இங்கே என் கதவில் என் பெயர் இருக்கிறது. காலையில் நாற்பது பேருக்கும் டிபன் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கிறேன். டேங்க்கர்காரனோடு மல்லுக்கட்டுகிறேன். நீங்கள் சொன்ன டேங்க் இந்த டேங்க்தான், லாயிட் அண்ணன் சொன்ன குப்பைத்தொட்டியும் இங்கேதான். ஈரோட்டுப் பெண் ஒருத்தி, தீபிகா, சேர்ந்த புதிதில் அம்மா ஞாபகத்தில் சோறே இறங்காமல் இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தேன். இப்போது அவளே புதிதாக வருகிறவர்களிடம், "மகா ஆன்ட்டி இருக்காங்க, பயப்படாதீங்க" என்கிறாள். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது, போங்கள்.

நீங்கள் வீட்டோடு வரப்போகிறேன் என்று எழுதியபோது நான் துள்ளிக் குதிக்கவில்லை. பயம்தான் வந்தது. நீங்கள் வேண்டாம் என்று இல்லை. நீங்கள் வந்தால் இது போய்விடும் என்று. அதைச் சொல்லத் தைரியமில்லாமல்தான் மிக்ஸியைப் போட்டேன். இப்போது சொல்லிவிட்டேன். திட்டுவதென்றால் திட்டுங்கள், பதில் எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள்,
மகா

*

சஹாரா கேம்ப்
7 ஜனவரி 2025

மகா,

நலம். இன்று வந்து இறங்கிய வெல்டர் உன் கடிதத்தைக் கொடுத்தான். விமானம் கிளம்புவதற்குள் நின்றுகொண்டே எழுதுகிறேன்.

மூன்று வருஷம்! பையனுக்குத் தெரியும், சின்னத்தாயி அக்காவுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். புருஷனுக்கு மட்டும் தெரியாது. நல்ல கூத்து. நான் என்ன ராட்சசனா? இரண்டு மாதமும் என் எதிரில் உட்கார்ந்து ஒன்றுமே நடக்காத மாதிரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாயே, எப்படி முடிந்தது?

என் இடத்துக்குப் புது ஆள் கிடைத்துவிட்டான். இருபத்தொன்றாம் தேதி விமானத்திலேயே வருகிறான், என்னை அன்றைக்கே அனுப்புகிறார்கள். அருண்குமாருக்கு இன்னும் பதினைந்து நாள் லீவு இருக்கிறது, அவன் நாலாம் தேதிதான் வருவான். நான் இருபத்துமூன்றாம் தேதி பெங்களூரில் இருப்பேன். அன்றைக்கு நீ வீட்டில் இரு. வேலையை விட்டுவிட்டு வந்து இரு. மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

நாராயணசாமி

*

அடுகோடி
17 ஜனவரி 2025

என் வீட்டுக்காரருக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஏறும்போது ஸ்வெட்டரைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பெங்களூரில் இந்த வருஷம் பனி கடிக்கிறது.

திட்டுவீர்கள் என்று தெரியும். திட்டியதில் பாதி நியாயம்தான். மறைத்தது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். வேலை பார்த்தது தப்பில்லை.

இருபத்துமூன்றாம் தேதி நான் வீட்டில் இருக்க முடியாது. என் முறை நாலாம் தேதி வரைக்கும். அருண்குமார் ஊரில் இருக்கும்போது ஸ்ரீரஞ்சனி எப்படி வருவாள்? மாற்றுவதற்கு ஆள் வராமல் பம்ப்பை விட்டுவிட்டு நீங்கள் விமானம் ஏறியிருக்கிறீர்களா? ஒருதடவை அருண்குமார் காய்ச்சலில் படுத்தபோது பதினைந்து நாள் கூடுதலாக இருந்துவிட்டு வந்தீர்களே, பொங்கலுக்குக் கூட வரவில்லை. நான் ஒரு வார்த்தை கேட்டேனா? இந்த நாற்பது பெண்களை விட்டுவிட்டு நானும் வரமாட்டேன்.

சாவி சின்னத்தாயி அக்காவிடம் இருக்கிறது. கேஸ் கீழே மூடியிருக்கிறது, திறந்துகொள்ளுங்கள். பாலுக்கு அக்காவிடம் சொல்லிவிட்டால் வாங்கி வைப்பார்கள்.

உங்களைப் பார்க்க வேண்டும் என்று கண்ணெல்லாம் எரிகிறது. அது வேறு, இது வேறு.

உங்கள்,
மகா

*

மர்பி டவுன்
24 ஜனவரி 2025

அன்பு மகாவுக்கு,

வந்து சேர்ந்தேன். சளி பிடித்திருக்கிறது, மற்றபடி நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத் தேவையில்லை, இன்று காலை என் கண்ணாலேயே பார்த்தேன்.

நீ பதினேழாம் தேதி எழுதியதை, நான் ஏற வேண்டிய விமானத்திலிருந்து இறங்கிய லாயிட் என் கையில் திணித்தார். மேலே பறக்கும்போது படித்தேன். பற்களைக் கடித்துக்கொண்டு வந்தேன். எல்லாவற்றையும் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் வந்தேன்.

சின்னத்தாயி அக்கா சாவியைக் கொடுத்து, "அவ ட்யூட்டில இருக்கா, நாலாந்தேதி வந்துருவா. நீங்க கை காலக் கழுவிட்டு வாங்க, சாப்பாடு போடறேன்" என்றார்கள். இதில் ஒன்றும் விசேஷமே இல்லாத மாதிரி. கதவைத் திறந்தேன். பிரிட்ஜ் அணைந்து கதவு பாதி திறந்திருந்தது. பாத்திரமெல்லாம் கவிழ்த்து வைத்திருந்தாய். கேம்ப்பில் ஜெனரேட்டர் சத்தம் ஓயாது, அதைத் திட்டிக்கொண்டே தூங்கிப் பழகிவிட்டேன். இங்கே சத்தமே இல்லை. நான் போன பிறகு உனக்கு இந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்று நேற்றைக்குத்தான் தெரிந்தது. பயமாக இருந்தது, மகா. டிவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை ஆட்டோ பிடித்து அடுகோடிக்கு வந்தேன். உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு வரத்தான். எதிர் டீக்கடையில் நின்றேன். நீ கேட்டுக்கு வெளியே நின்று டேங்க்கர்காரனை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாய். "அர்த டேங்க்கர் ஹாகி பூர்த்தி துட்டு கேள்தீயா?" என்று கன்னடத்தில் போட்டாய் பார், அரை டேங்க்கருக்கு முழுக் காசா என்று, அவன் மறுபடி குழாயைப் போட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீக்கடைக்காரர், "அந்தம்மா கிட்ட யாரும் வாலாட்ட முடியாது சார்" என்றார். அது என் பெண்டாட்டி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

வேலையை விடு என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். எழுத வரவில்லை. விடாதே. அருண்குமாரிடமும் நான் சொல்லமாட்டேன், ஸ்ரீரஞ்சனிதான் சொல்ல வேண்டும். ஆனால் நான் என்ன செய்ய? திரும்பிப் போக வேலையும் இல்லை, வீட்டில் நீயும் இல்லை. எனக்கு நீ வேண்டும். இதைப் போனில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சின்னத்தாயி அக்காவின் மகன் அடுகோடிப் பக்கம் போகிறானாம், அவன் கையில் கொடுக்கிறேன்.

உன்,
நாராயணசாமி

*

அடுகோடி
25 ஜனவரி 2025

என்னங்க,

சளிக்கு மிளகு ரசம் வையுங்கள். மிளகு மேல்தட்டில் சிவப்பு டப்பாவில். எனக்கு ஒரு குறையும் இல்லை.

கேம்ப் தொப்பியைப் போட்டுக்கொண்டு டீக்கடையில் நின்றால் எனக்குத் தெரியாதா? ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே பார்த்துவிட்டேன். டேங்க்கர்காரனுக்கு விழுந்ததில் பாதி உங்களால்தான். அவன் போனபிறகும் கேட்டிலேயே நின்றேன். ரோட்டைத் தாண்டி வருவீர்கள், சண்டை போடுவீர்கள், போட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் பார்த்துவிடலாம் என்று நின்றேன். டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டீர்கள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபத்தில் போகிறீர்கள் என்று நினைத்தேன். உங்கள் கடிதத்தைப் பார்த்தபிறகு மறுபடியும் அழுதேன். தீபிகா கதவைத் தட்டி, "ஆன்ட்டி, யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்றாள். "ஆமாம், என் வீட்டுக்காரர், விடாதேன்னு சொல்லிட்டார்" என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நாலாம் தேதி மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவேன். பிப்ரவரி, மார்ச் முழுக்க உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்று சொல்கிறேன். ஏப்ரல் முதல் தேதி மறுபடி கிளம்புவேன். அப்போது நீங்கள்தான் வீட்டில் இருக்க வேண்டும், நீங்கள்தான் எனக்குக் கடிதம் எழுத வேண்டும். சிரமமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நாளைக்கு ஞாயிறு. நாலு மணிக்கு மேல் விசிட்டர் வரலாம். கேட்டுக்குள் ஆண்களை விடுகிற வழக்கமில்லை. அந்தச் சட்டம் போட்டதே நான்தான், உங்களுக்காக மாற்றமாட்டேன். ஆனால் நீங்கள் ரோட்டைத் தாண்டி வாருங்கள். கேட் வரைக்கும் நான் வருகிறேன்.

உங்கள்,
மகா